ஒன்பது மணி நேரத் துறைமுகங்கள்

மத்தியதரைக்கடலின் பழம்பெரும் துறைமுகப் பட்டினங்களையெல்லாம் பார்த்து முடித்துவிட்டோம் என்று சொல்பவர்கள் எங்கள் வட்டாரத்திலும் கூடிக்கொண்டே வருகிறார்கள். எல்லோரும் விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரிப் பக்கத்து ஓய்வூதியர்கள்தான். பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால் ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருந்து இவர்களே கிளம்பிவிடுகிறார்கள். பார்சிலோனாவில் கப்பல் ஏறி, மார்செய், ஜெனோவா, ரோம், நேப்பிள்ஸ், சிசிலி, மால்ட்டா என்று ஒரு சுற்று. இன்னும் வசதியுள்ளவர்கள் கிரேக்கம், துருக்கி வரைக்கும் நீட்டி மூன்று வாரம் ஆக்கிக்கொள்கிறார்கள்.

போகட்டும், நன்றாகப் போய் வரட்டும். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்காகவும் வீட்டுக் கடனுக்காகவும் உழைத்தவர்கள் கடல் காற்று வாங்குவதில் எனக்கு என்ன வருத்தம்? என் சண்டையெல்லாம் ‘பார்த்தோம்’ என்ற ஒரே ஒரு வினைச்சொல்லோடுதான்.

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பல ஆண்டுகள் அதிகாரிகளின் டூர் டைரியையும் பயணப்படிப் பட்டியலையும் சரிபார்க்கிற வேலை. அந்த டைரிகளைப் படித்துப் பழகியவனுக்கு ‘பார்வையிட்டேன்’ என்ற சொல்லைக் கண்டாலே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளத் தோன்றும். ‘காலை 11.00 வருகை. ஏரிக்கரையைப் பார்வையிட்டேன். 11.20 புறப்பாடு.’ இருபது நிமிடத்தில் ஜீப்பின் நிழல் ஏரிக்கரையில் விழுந்திருக்கும், அவ்வளவுதான். எந்த மதகு ஒழுகுகிறது, எந்த வாய்க்காலை யார் அடைத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் ஒரு ராத்திரி கேம்ப் போட்டு, விடியற்காலையில் தலையாரியோடு கரையில் நடந்திருக்க வேண்டும். அப்படிப் போனவர்களும் இருந்தார்கள். அவர்கள் டைரியைப் படித்தால் அந்த ஊரின் சேறு நம் காலில் ஒட்டும்.

உல்லாசக் கப்பலின் கால அட்டவணையும் ஒரு டூர் டைரிதான். பெரும்பாலான துறைமுகங்களுக்குக் காலை 8.00 வருகை, மாலை 5.00 புறப்பாடு என்று போட்டிருக்கும். மொத்தம் ஒன்பது மணி நேரம். ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் நின்று இறங்க ஒரு மணி நேரம். பஸ் பிடித்து ஊருக்குள் போக ஒரு மணி நேரம். திரும்பி வர ஒரு மணி நேரம். கப்பல் கிளம்புவதற்கு முன்னால் உள்ளே வந்துவிட வேண்டும் என்பதால் அதற்கும் ஒரு மணி நேரம் கழியுங்கள். மிச்சம் ஐந்து. அதில் சாப்பாடு, கழிவறை, காந்தம் ஒட்டிய பொம்மை வாங்குதல் எல்லாம் போக, இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்து ஊருக்கு இரண்டரை மணி நேரம் கிடைத்தால் பெரிது.

அந்த ஊராவது சொன்ன ஊர்தானா என்று பார்த்தால், அதிலும் சங்கதி இருக்கிறது. அட்டவணையில் ‘ரோம்’ என்று இருக்கும். கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில். அங்கிருந்து ரோமுக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். விழுப்புரத்தில் இறக்கிவிட்டு, “சிதம்பரம் வந்தாச்சு, நடராஜரைத் தரிசனம் பண்ணிவிட்டு சாயங்காலத்துக்குள் வந்துடுங்க” என்று சொல்வது போல. சிவிட்டாவெக்கியாவே டிராஜன் பேரரசன் அமைத்த துறைமுகம். அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். ரோமாபுரியின் பழைய துறைமுகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால் ஓஸ்தியாவுக்குப் போக வேண்டும். டைபர் ஆறு கொண்டுவந்த மண்ணால் கரை முன்னேறிக் கடல் விலகிப்போன ஊர் அது. வணிகர்கள் எந்தெந்தத் துறையிலிருந்து வந்தார்கள் என்பதைக் கப்பல் படத்தோடு தரையில் கல் பதித்து எழுதிவைத்த கடைவரிசை அங்கே இன்றும் இருக்கிறது. ஒன்பது மணி நேரத்தில் ரோமையும் பார்த்து ஓஸ்தியாவுக்கும் போய் வர எந்த பஸ்ஸாலும் முடியாது.

துருக்கியின் எபேசும் இப்படித்தான். பைபிள் படித்தவர்களுக்குத் தெரிந்த ஊர். ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். ஆற்று வண்டலில் தூர்ந்துபோய் இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது. கப்பல் குஷாதாசி என்ற வேறு ஊரில் நிற்கும். ஒரு துறைமுகம் எப்படிச் செத்தது என்பதுதான் எபேசு சொல்லும் கதை. அதைக் கேட்க நேரமில்லாமல் நூலக முகப்பின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

அந்த ஊர்க்காரர்களே இப்படி வராதீர்கள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வெனிஸ் நகரின் நடுக் கால்வாய் வழியாகப் பெரிய கப்பல்கள் போவதை 2021 ஆகஸ்ட் முதல் இத்தாலி அரசு தடுத்துவிட்டது. மார்செய் மேயர் 2022-இல் கப்பல் புகைக்கு எதிராகக் கையெழுத்து இயக்கமே நடத்தினார். பார்சிலோனா 2025-இல் உல்லாசக் கப்பல் முனையங்களை ஏழிலிருந்து ஐந்தாகக் குறைக்க முடிவு செய்தது. விருந்துக்கு வந்தவன் வாசலிலேயே எச்சில் இலையைப் போட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் போனால் வீட்டுக்காரன் என்ன செய்வான்? சாப்பாடு கப்பலில், படுக்கை கப்பலில், செலவும் பெரும்பாலும் கப்பலில். ஊருக்கு மிஞ்சுவது கூட்டமும் புகையும்.

அவற்றில் ஒரு ஊரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். 2014-இல் மார்செய்யில் உறவினர் வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். கப்பலில் போகவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அறிவிப்புப் பலகைகளை யார் துணையும் இல்லாமல் படிக்க முடிந்தது. அந்த மூன்று வாரத்தில் நான் பார்த்த இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பழைய துறைமுகத்தின் அருகே கடைகள் நிறைந்த பெரிய வணிக வளாகம். 1967-இல் அதற்கு அஸ்திவாரம் தோண்டும்போது பண்டைய கிரேக்கத் துறைமுகத்தின் மதிலும் கரைச்சுவரும் வெளிப்பட்டன. மார்செய் என்பது கி.மு. 600 வாக்கில் கிரேக்க மாலுமிகள் வந்து குடியேறிய ஊர். அப்போதும் கட்டடக்காரர்கள் அவசரப்பட்டார்கள், பணம் போட்டவர்கள் நெருக்கினார்கள். ஆனால் ஊர் ஜனங்கள் எழுந்து கூச்சல் போட்டார்கள். கடைசியில் வளாகத்தின் திட்டத்தையே மாற்றினார்கள். தோண்டிய இடம் தோட்டமாக நிற்கிறது. பக்கத்தில் கடைகளை ஒட்டியே அருங்காட்சியகம். 1974-இல் அதே சேற்றிலிருந்து ஒரு ரோமானியக் காலச் சரக்குக் கப்பலின் உடல் கிடைத்தது. ஈரமரம் வெயில் பட்டால் பொடியாகிவிடும் என்பதால் உறையவைத்து உலர்த்திக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். துணி வாங்க வந்த அம்மாக்கள் பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள்.

இரண்டாவது, ரோமானியர் கிடங்கு. 1943-இல் ஜெர்மானியர்கள் பழைய துறைமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். போர் முடிந்து வீடுகளைத் திரும்பக் கட்டும்போது, அடியில் ரோமானியர் காலச் சேமிப்புக் கிடங்கு கிடைத்தது. ஆள் உள்ளே இறங்கி நிற்கக்கூடிய பெரிய மண் குதிர்கள், புதைத்த இடத்திலேயே இருக்கின்றன. மேலே குடியிருப்பு, கீழே அருங்காட்சியகம். 1963 முதல் அப்படித்தான்.

அந்தக் குதிர்களின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு ஒரு கணக்கு உதைத்தது. இந்த வியாபாரத்துக்கு மறுமுனை ஒன்று இருந்ததல்லவா? சரக்கு ஏற்றிய இடம் இருந்தால் இறக்கிய இடமும் இருக்க வேண்டும். அது எங்கே? அந்த மறுமுனைகளில் ஒன்று என் பள்ளிக்கூடத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. மார்செய்யை நிறுவிய கிரேக்க மாலுமிக்கு உள்ளூர்த் தலைவன் மகள் எப்படிக் கோப்பையை நீட்டி மாப்பிள்ளையாக்கிக்கொண்டாள் என்ற கதை எங்கள் பாடத்தில் இருந்தது. அரிக்கமேடு இல்லை.

அரிக்கமேட்டுக்குக் கெடாரிலிருந்து கிளம்பினால் விழுப்புரத்தில் ஒரு பஸ் மாறி, புதுச்சேரியில் இன்னொன்று மாறி, அரியாங்குப்பத்தில் இறங்கி, காக்காயந்தோப்பு வழியாகப் போக வேண்டும். காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். மார்செய்யைப் பார்த்தவர்கள், நேப்பிள்ஸைப் பார்த்தவர்கள், மால்ட்டாவைப் பார்த்தவர்கள் என்று எனக்குத் தெரிந்த எத்தனையோ பேரில் அரிக்கமேட்டைப் பார்த்தவர் இரண்டு பேர்தான். அதில் ஒருவர் அங்கே பெண் எடுத்தவர்.

அங்கே என்ன கிடைத்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வந்து, 1769-இல் மேகம் மறைத்து ஏமாந்துபோன லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர்தான் அந்த ஆற்றோரத்துப் பழஞ்சுவர்களை முதலில் எழுதிவைத்தவர். அதற்குப் பிறகு பல தலைமுறை யாரும் கவனிக்கவில்லை. 1937-இல் புதுச்சேரியில் இருந்த பேராசிரியர் ழூவோ துப்ராய் கையில் அங்கே கிடைத்த ஒரு மணிக்கல் வந்தது. அதில் செதுக்கியிருந்த தலை ரோமப் பேரரசன் அகஸ்டஸுடையது என்று அவர் கண்டார். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு ஓடுகளைப் பார்த்து மத்தியதரைக்கடல் மதுச்சாடியின் துண்டு என்று அடையாளம் கண்டுகொண்டார். 1945-இல் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ ஊரில் செய்த செம்பளபளப்புக் கிண்ணங்கள், ஆற்றங்கரையில் ஏறக்குறைய 150 அடி நீளத்துக்குக் கிடங்கு, மணி கோக்கும் தொழிலின் எச்சங்கள் எல்லாம் வந்தன. பின்னால் கஸாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் தோண்டினார்கள். கிரேக்கத் தீவான கோஸின் மது, ஆலிவ் எண்ணெய், மீன் குழம்பு ஏற்றி வந்த சாடிகள் என்று அடையாளம் கண்டார்கள். ரோமானியர் வருவதற்கு முன்பே அங்கே நம்மவர் ஊர் இருந்தது என்பதும் தெளிவானது. வீலர் அதை ஒரு ரோமானியர் தளம் என்றே எண்ணியிருந்தார். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடற்பயணக் கையேடு ஒன்று ‘பொதுகே’ என்று சொல்லும் துறை இதுதான் என்று கொள்கிறார்கள்.

நான் கடைசியாகப் போனபோது அங்கே மாந்தோப்பு இருந்தது. ஆற்றில் நல்ல காற்று இருந்தது. இரண்டு செங்கல் சுவர்கள் நின்றன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் நிழலில் உட்கார்ந்திருந்தார். கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் அந்தச் சுவரை ரோமானியர் கட்டிய சுவர் என்று நினைத்து முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மதகுருமார் கட்டிய மிஷன் வீட்டின் சுவர். ரோமானியர் காலத்தது எல்லாம் காலடியில், மூடிய குழிகளுக்குள் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எது எது என்று அவர்களுக்குச் சொல்ல அங்கே என்ன இருந்தது?

கண்டெடுத்தவற்றில் ஒரு பகுதியைப் பார்க்க வேண்டுமானால் திரும்பப் புதுச்சேரிக்கு வந்து, பாரதி பூங்கா பக்கத்திலிருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். மார்செய்யில் கடைவளாகத்தின் நடுவே, தோண்டிய குழியின் ஓரத்திலேயே செய்ததை, நாம் திறந்த மாந்தோப்பில் செய்யவில்லை. இடிக்க ஒரு கட்டடமும் இல்லாத இடம் அது.

திண்டிவனத்துக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை உண்டு. சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில், இன்றைய திண்டிவனத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. பரிசில் பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் அந்தப் பாட்டில் முதலில் வரும் ஊர் எயிற்பட்டினம் என்ற துறைமுகம். அதை இன்றைய மரக்காணம் என்கிறார்கள். அந்தக் கிரேக்கக் கையேட்டில் பொதுகேவுக்கு அடுத்து வரும் ‘சோபட்மா’வும் இதுவே என்று கருதுவோர் பலர். அங்கே அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரக்கட்டைகள் ஒட்டகம் படுத்துத் தூங்குவது போலக் கிடந்தன என்கிறார் புலவர். மரக்காணத்துக் கடற்கரையில் நின்ற தமிழ்ப் புலவர் ஒட்டகத்தை எங்கே பார்த்தார்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒரு முழு நாள் மரக்காணத்தில் உட்கார வைக்கலாம். உப்பளத்தையும், கல்வெட்டுகள் நிறைந்த சோழர் காலத்துக் கோயிலையும் காட்டலாம். கொஞ்சம் வடக்கே போனால் ஆலம்பரைக் கோட்டை. 1750-இல் துய்ப்ளேக்குக் கிடைத்து, 1760-இல் ஆங்கிலேயர் இடித்துப்போட்டது. திண்டிவனத்திலிருந்து ஒரே நாளில் எல்லாம் முடியும்.

இதற்கு மூன்று ஆட்சேபணைகள் வரும். மூன்றையும் என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார்கள்.

முதலாவது, “அரிக்கமேட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?” ஐயா, ஓஸ்தியாவிலும் ஒரு காலத்தில் மண்மேடும் புல்லும்தான் இருந்தன. பார்ப்பதற்கு ஒன்று இருப்பது தானாக நடப்பதில்லை. தோண்டி, எழுதி, கூரை போட்டு, காவல் வைத்து உண்டாக்குவது. அதற்குப் பணம் வேண்டும், பணம் வர ஜனங்கள் கேட்க வேண்டும், கேட்க ஜனங்கள் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அங்கே ஒன்றுமில்லை என்று நாம் போகாமலிருக்கிறோம், யாரும் வருவதில்லை என்று அரசுகள் செய்யாமலிருக்கின்றன. இந்தச் சக்கரத்தை யாராவது ஒரு பக்கம் நிறுத்தியாக வேண்டும். கப்பலுக்கு லட்சக்கணக்கில் கொடுப்பவர்களால் பஸ்ஸுக்குச் சில்லறை கொடுக்க முடியாதா?

இரண்டாவது, “வயதாகிவிட்டது, முட்டி வலி, கப்பலில்தான் பெட்டியை ஒரு முறை பிரித்தால் போதும்.” நியாயமான பேச்சு. என் முட்டியும் அதே பேச்சுதான் பேசுகிறது. ஆனால் முட்டி வலிக்கு ஏழு ஊர்களில் ஏழு முறை வரிசையில் நிற்பதைவிட, ஒரே ஊரில் பத்து நாள் தங்குவதுதான் இதம். காலையில் மீன் கடையைப் பார்த்து, மத்தியானம் தூங்கி, சாயங்காலம் துறைமுகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரைப் பார்க்கலாம். ஒரு ஊரைப் பத்து நாள் பாருங்கள், ஏழு ஊரை ஒன்பது மணி நேரம் பார்க்காதீர்கள் என்பதுதான் என் யோசனை.

மூன்றாவது ஆட்சேபணை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. “நாம் எதற்கு அங்கே போய்ப் பார்க்க வேண்டும்? யவனன் அல்லவா நம் மிளகுக்குக் கையேந்தி இங்கே வந்தான்!” மேடையில் இதற்குக் கைதட்டல் கிடைக்கும். அரிக்கமேட்டைப் பார்க்காதவர்கள்தான் அதிகமாகத் தட்டுவார்கள். உள்ள சான்றுகள் சொல்வது இன்னும் சுவாரஸ்யமானது, இன்னும் சிக்கலானது. வியன்னாவில் உள்ள, கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் பாப்பிரஸ் ஒன்றில் முசிறிக்குப் போய் வந்த சரக்கைப் பற்றிய கடன் ஒப்பந்தம் இருக்கிறது. கப்பல் பெயர் எர்மபோலோன். சரக்கின் மதிப்பு ஏறக்குறைய எழுபது லட்சம் செஸ்டர்ஸ். செங்கடல் கரையிலிருந்து பாலைவனம் கடக்க நம்பிக்கையான ஒட்டகக்காரன், பிறகு நைல் நதி வழியாக அலெக்சாந்திரியா, அங்கே நூற்றுக்கு இருபத்தைந்து சுங்கம். ஒரு குமாஸ்தாவின் கண்ணுக்கு இது அருமையான கோப்பு. அதில் கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் அந்தப் பக்கத்து ஆட்கள். மிளகு பறித்தவர், மூட்டை தூக்கியவர், மணி கோத்தவர் யாரும் அதில் இல்லை.

நம்மவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். எகிப்தின் செங்கடல் துறைமுகங்களில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்-பிராமி எழுத்தில் கண்ணன், சாத்தன் என்று பெயர்கள் இருக்கின்றன. குசேர் அல்-காதிமில் கிடைத்த ஒரு ஓட்டில் ‘பானை ஒறி’ என்று எழுதியிருப்பதாக ஐராவதம் மகாதேவன் படித்தார். உறி என்பதுதான் அந்த ‘ஒறி’. நம் பாட்டி அடுக்களையில் மோர்ப்பானை தொங்கிய அதே உறி. பெரெனிகேயில் ஒரு கோயிலில் நம் நாட்டுப் பெரிய பானையில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. கையேந்தி வந்த யவனனைப் பற்றிப் பேசுவதைவிட, கடல் கடந்து போய்ப் பானையில் தன் பெயரைக் கீறிவைத்த அந்தச் சாத்தனைப் பற்றிப் பேசலாமே. அவன் பாலைவனத்துக் கரையில் எத்தனை மாதம் காற்றுக்காகக் காத்திருந்தானோ. ஒன்பது மணி நேரத்தில் அவன் துறைமுகம் பார்க்கவில்லை.

பெரிய காலத்துக்குப் போவானேன்? 1914 செப்டம்பரில் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் ஐரோப்பாவில் வந்து இறங்கியது மார்செய்யில்தான். புதுச்சேரிக் கடற்கரையில் 1938-இல் திறந்த போர் நினைவுச்சின்னம், முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்த பிரெஞ்சிந்தியர்களுக்கானது. எங்கள் பக்கத்தில் ‘சொல்தா’ என்போம், பிரெஞ்சுப் பட்டாளத்தான். சொல்தா பென்ஷன் வாங்கிய கிழவர்கள் என் சிறுவயதில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். அவர்கள் சூயஸையும் மார்செய்யையும் பார்த்தது அடித்தளத்துச் சன்னல் வழியாக. இறங்க உத்தரவு இல்லாத துறைமுகங்களின் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்வார்கள். அவர்கள் யாரும் “பார்த்தேன்” என்று சொல்லிக் கேட்டதில்லை. “கப்பல் அங்கே நின்றது” என்றுதான் சொல்வார்கள். சொல்லை எவ்வளவு நேர்மையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்!

2022 ஜூனில் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் கிளம்பியபோது புதுச்சேரியில் அதை நிற்க விடலாமா என்று பெரிய சர்ச்சை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அனுமதி கிடைக்கவில்லை. சூதாட்டம் நடக்குமா, கலாசாரம் கெடுமா என்று இரு தரப்பும் வாதாடினார்கள். இறங்கி வருகிற ஆயிரம் பேருக்கு நம் பழைய துறைமுகம் என்று எதைக் காட்டப் போகிறோம் என்று ஒருவர் கேட்டு நான் படிக்கவில்லை. கப்பல் நின்றாலும் நிற்காவிட்டாலும் அந்தக் கேள்வி நிற்கிறது.

மார்செய்க்காரர்கள் அங்கே சேற்றில் கிடைத்த பழங்காலத் தையல் படகு ஒன்றைப் பார்த்து, அதே முறையில் கயிற்றால் தைத்து ஒரு படகு கட்டி, 2013-இல் கடலில் விட்டார்கள். கோப்பையை நீட்டிய அந்தப் பெண்ணின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பலகையைக் கயிற்றால் தைக்கும் கலை நமக்குப் புதிதா? சென்னையிலும் புதுச்சேரியிலும் கப்பலில் வந்தவர்களை அலை தாண்டிக் கரை சேர்த்ததே தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுதான். ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் சலங்கு என்று எழுதுகிறார். பிரெஞ்சுக்காரர்கள் அதையே ஷெலேங் என்று ஆக்கிக்கொண்டார்கள். நம் கடற்கரையில் இதைப் பற்றிக் கேட்டால் பாட்டன் சொன்னதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருப்பார்கள். பத்து வருஷம் கழித்து இருப்பார்களா?

ஆகவே ஓய்வூதிய நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். அரிக்கமேட்டுக்கு ஒன்று, மரக்காணத்துக்கு ஒன்று என்று இரண்டு மனுக்கள் எழுதியிருக்கிறேன். அரிக்கமேட்டில் எந்தச் சுவர் எந்தக் காலத்தது என்று தமிழில் பெரிய எழுத்தில் பலகைகள். தோண்டிய குழிகளில் ஒன்றையாவது திரும்பத் திறந்து மேலே கூரை. அருங்காட்சியகத்திலுள்ள பொருள்களின் மாதிரிகள் அந்த இடத்திலேயே. மரக்காணத்தில் எயிற்பட்டினத்தைப் பற்றிய ஒரு பலகையும், நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு நாள் பயணமும். இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். முப்பது கையெழுத்து சேர்ந்தால் அனுப்பலாம் என்று இருக்கிறேன். மனுவில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. முதலில் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். காலை விழுப்புரம் பஸ் நிலையத்தில் ஏழு மணிக்கு நின்றால் நானும் கூட வருகிறேன். தண்ணீர் பாட்டிலும் தயிர் சாதமும் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கடை எதுவும் கிடையாது.